ஆழிப்பேரலையும் ஆக்கவுரிமையும்: மென்பொருட் சட்டம் பற்றிய ஒரு நோக்கு

புலமைச் சொத்து என்னுந் தொடர் இலங்கைச் சட்ட வழக்கில் நிலைபெற்றுச் சில தசாப்தங்கள் கழிந்துவிட்டன. காணியும் தோணியும் தறியும் ஒருவர்க்குச் சொத்தாவது போன்று, அவர் சிந்தையில் உருவான புதுமையும் சொத்தாகலாம் என்பது அத்தொடரின் உட்கிடை. மேலெழுந்தவாரியாக நோக்குவார்க்கு இவ்வொப்புமை பொருத்தமானதாகவே தோன்றும். எனினும் ஒருவரது தோணியை மற்றொருவர் கொண்டுசென்றால் உடையவர்க்குத் தோணி இல்லாமற் போகின்றது; ஒருவரது கருத்தை மற்றொருவர் கையாண்டால் அக்கருத்து இருவரிடத்தும் இருக்கின்றது. இவ்வேறுபாட்டை மறந்து சட்டம் இயற்றப்படும்பொழுது, ஆக்குவோரைக் காக்க இட்ட வேலி ஆக்குவோரின் வழியையே மறித்துவிடும் அபாயம் உண்டு. கணினி மென்பொருளைப் பொறுத்தவரையில் இவ்வபாயம் மிகுந்த கூர்மை பெற்றுள்ளது. கல்முனைக் கரையோரம் கண்ட பேரழிவை ஒட்டி இந்நாட்டில் எழுந்த மென்பொருள் ஒன்றை முன்நிறுத்தி, மென்பொருளுக்கு ஆக்கவுரிமை வழங்குதல் தகுமா என்பதையும், இலங்கைச் சட்டம் இவ்விடயத்தில் எங்ஙனம் திருத்தப்பெறல் வேண்டும் என்பதையும் ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆராய்ச்சிக்கு முன்னர் இரு சொற்களை வேறுபடுத்திக் கொள்ளுதல் அவசியம். பதிப்புரிமை வேறு, ‘பேற்றன்ற்’ எனப்படும் ஆக்கவுரிமை வேறு. பதிப்புரிமை, எழுதப்பட்ட ஆக்கத்தின் உருவத்தைக் காப்பது. மீனவர் வாழ்வு பற்றி ஒருவர் எழுதிய நாவலை இன்னொருவர் தம் பெயரில் அச்சிட முடியாது. ஆயின், மீனவர் வாழ்வு பற்றித் தாமும் ஒரு நாவல் எழுதுவதை எவரும் தடுக்கவியலாது. ஆக்கவுரிமையோ செய்முறையையே ஒருவர்க்கு உரித்தாக்குவது. அச்செய்முறையை வேறொருவர் எங்குங் காணாது, தமது சொந்த முயற்சியினாலேயே கண்டடைந்தாலும், உரிமை பெற்றவரின் அனுமதியின்றி அதனைத் தொழிலிற் பயன்படுத்தல் ஆகாது. நாவல் உவமையை நீட்டின், கடலுக்குச் சென்ற தந்தை திரும்பாமையால் மகன் குடும்பப் பொறுப்பை ஏற்கும் கதைப்போக்கினையே ஒருவர் இருபது ஆண்டுகளுக்குத் தமதாக்கிக் கொள்வதற்கு இது சமமாகும்.

வெனிஸ் அரசு 1474 ஆம் ஆண்டிலும் இங்கிலாந்து 1624 ஆம் ஆண்டிலும் இயற்றிய சட்டங்கள் ஆக்கவுரிமை முறையின் தோற்றுவாயாகக் கொள்ளப்படுகின்றன. தொழில் இரகசியத்தை வெளியிடுக, அதற்கு ஈடாகச் சிலகாலத் தனியுரிமை பெறுக என்னும் உடன்படிக்கையே இம்முறையின் அடிப்படை. இயந்திரத்துக்கும் மருந்துக்கும் இவ்வுடன்படிக்கை ஓரளவு பொருந்தலாம். மென்பொருளுக்கும் அது பொருந்துமா என்பதே ஈண்டு எழும் வினா.

2004 டிசம்பர் 26 ஆந் திகதி, ஞாயிறு காலை எழுந்த ஆழிப்பேரலை இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்டது. மாவட்டங்களுள் அம்பாறையே மிகப் பெரிய உயிரிழப்பைக் கண்டது. இம்மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என ஊரோடு ஊர் தொட்டுக் கிடக்கும் இக்கரையில், கடலுக்கு மிக அண்மையில் நெருங்கி அமைந்திருந்த குடியிருப்புகள் அழிந்தன. பாடசாலைகளும் பள்ளிவாசல்களும் கோயில்களும் அகதிகளின் உறைவிடங்களாயின. எவர் உயிருடன் உள்ளார், பிரிந்த பிள்ளை எந்த முகாமில் உள்ளது, எவரது ஜனாஸா எங்கு அடக்கப்பட்டது என்பனவே அந்நாட்களில் மக்கள் வாயில் நின்ற வினாக்கள். உதவிப் பொருள்கள் ஓரிடத்திற் குவிந்து கிடக்க, பிறிதோரிடத்தில் அவை சென்றடையாத நிலையும் காணப்பட்டது. பசியும் பிணியும் ஒருபுறமிருக்க, தகவல் ஒழுங்கின்மையும் ஒரு துயராகவே அன்று விளைந்தது எனலாம்.

இத்துயருக்கு விடையாக எழுந்ததே ‘சஹானா’ எனும் மென்பொருள். சிங்கள மொழியில் இச்சொல் நிவாரணம் எனும் பொருள்தரும். லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷன் எனும் அமைப்பைச் சார்ந்தும் அதற்கு வெளியே இருந்தும் முன்வந்த தொண்டர்கள், அலை அடித்த சில வாரங்களுக்குள் அதன் முதல் வடிவத்தை ஆக்கினர். காணாமற் போனோர் பதிவேடு, முகாம்களின் பதிவேடு, உதவி நிறுவனங்களின் பதிவேடு, தேவைகளையும் வந்த பொருள்களையும் பொருத்திக் காட்டும் ஏற்பாடு என்பன அதன் உறுப்புகளாயின. பேரழிவை அடுத்துக் கொழும்பில் அரசு நிறுவிய தேசிய நடவடிக்கை நிலையம் அதனைப் பயன்கொண்டது. எவரும் பெற்று, திருத்தி, பிறர்க்கு வழங்கத்தக்க கட்டற்ற மென்பொருளாக அது வெளியிடப்பட்டமையால், 2005 ஒக்டோபரிற் பாகிஸ்தானில் நிலநடுக்கம் நேர்ந்தபோதும், 2006 இல் பிலிப்பைன்ஸில் மண்சரிவும் இந்தோனேசியாவின் யோக்யகார்த்தாவில் நிலநடுக்கமும் நேர்ந்தபோதும், 2010 இல் ஹெயிட்டி நாடு நிலநடுக்கத்தாற் சிதைந்தபோதும் ஆங்காங்கு எடுத்தாளப்பட்டது. சமூக நலனுக்கான கட்டற்ற மென்பொருள் விருது 2006 ஆம் ஆண்டுக்கு இதற்கே வழங்கப்பட்டது.

சஹானா ஆக்கப்பட்ட வாரங்களில் அதனை ஆக்கியோர் எவரிடமும் அனுமதி கேட்க நேரவில்லை. காணாமற் போனோரின் பெயரை முகாமிலுள்ளோர் பெயருடன் ஒப்பிடுதல், தேவையையும் இருப்பையும் பொருத்துதல் முதலிய செய்முறைகள் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர் ஒருவர் இருந்து, அவர் வேறொரு கண்டத்தில் இருந்திருப்பாராயின் என்ன நேர்ந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் தகும். இது வெறுங் கற்பனையன்று என்பதற்கு ஒரு வரலாற்றுச் சான்று உண்டு.

பேரழிவுக் காலப் பெயர்ப் பதிவேட்டை அமைக்கும் எவரும் எதிர்கொள்ளும் முதற் சிக்கல், பெயர்களை எழுதும் முறையில் உள்ள வேறுபாடாகும். கல்முனைப் பகுதியில் இச்சிக்கல் இரட்டிப்பாகும். பாத்திமா, பாதிமா, ஃபாத்திமா என மூவர் மூவிதமாய் எழுதுவது ஒரே பெண்ணின் பெயராக இருக்கலாம். முகம்மது என்பது முழுமையாகவும், ‘எம்.’ எனச் சுருங்கியும், ஆங்கில எழுத்தில் ஐந்தாறு வடிவங்களிலும் வரும். எழுத்து வேறுபட்டாலும் ஒலியால் ஒத்த பெயர்களை ஒருங்கு சேர்த்துக் காட்டும் வழி இருந்தாலன்றித் தாய் ஒரு முகாமிலும் மகள் ஒரு முகாமிலுமாக ஒரே பட்டியலில் இருந்தும் ஒருவரையொருவர் அறியாதிருக்க நேரும். ஆங்கிலப் பெயர்களை இவ்வாறு ஒலிவழி வகைப்படுத்தும் முறையொன்றுக்கு ஐக்கிய அமெரிக்காவில் 1918 ஆம் ஆண்டில் இராபேட் ரசல் என்பார் ஆக்கவுரிமை பெற்றார். ‘சவுண்டெக்ஸ்’ எனப் பின்னர் அறியப்பட்ட முறை இதுவே. அக்காலத்து அமெரிக்க ஆக்கவுரிமையின் ஆயுள் 17 ஆண்டுகள். எனவே 1935 அளவில் அம்முறை பொதுமக்கள் உடைமையாயிற்று. இன்று கணினி பயிலும் மாணவர் எவரும் அதனைக் கையாளலாம். இதே எண்ணம் 1918 இல் அன்றி 1998 இல் ஒருவர்க்குத் தோன்றி, அவர் அதற்கு ஆக்கவுரிமையும் பெற்றிருப்பின், 2004 டிசம்பரில் அந்த உரிமை உயிருடன் இருந்திருக்கும். அது நிலவும் நாட்டிலெல்லாம், தாயையும் மகளையும் பட்டியலிற் சேர்த்து வைப்பதற்கு உரிமப் பத்திரம் ஒன்று தேவைப்பட்டிருக்கும்.

மென்பொருளின் இயல்பு இச்சிக்கலை மேலும் பெருக்குகின்றது. ஒரு மருந்தினுள் அடங்குவது பெரும்பாலும் ஒரு மூலப்பொருளும் அதனை ஆக்கும் சில செய்முறைகளுமாகும். நடுத்தர அளவினதான ஒரு மென்பொருளினுள்ளோ நூற்றுக்கணக்கான, சிலவேளை ஆயிரக்கணக்கான செய்முறைகள் பின்னிக் கிடக்கும். தேடல், வரிசைப்படுத்தல், சுருக்கல், ஒப்பிடல் என ஒவ்வொன்றும் தனித்தனி ஆக்கவுரிமைக்கு உட்படக் கூடுமாயின், நிரல் எழுதுபவர் தாம் எழுதிய ஒவ்வொரு வரியிலும் எவருடைய வேலியை மிதித்தார் என அறியவியலாது. கட்டற்ற மென்பொருளை வழங்குவோர்க்கு வேறுமோர் இடர் உண்டு. தாம் எழுதிய நிரலின் பதிப்புரிமை தம்முடையதாதலால் அதனைப் பயன்படுத்தும் சுதந்திரத்தை அவர்கள் பிறர்க்கு அளிக்கலாம். மூன்றாமவர் ஒருவரின் ஆக்கவுரிமையிலிருந்து விடுதலை அளிக்க அவர்களால் இயலாது.

உலக அனுபவமும் இதனையே உணர்த்துகின்றது. கணினிப் படங்களுக்குரிய ‘ஜிஃப்’ வடிவத்தை கொம்பியூசேர்வ் நிறுவனம் 1987 இல் வெளியிட்டது. உலகெங்கும் அது பரவிய பின்னர், அதனுள் அமைந்த சுருக்கல் முறை 1985 இல் வழங்கப்பட்ட ஆக்கவுரிமை ஒன்றுக்கு உட்பட்டது என்பதும், அதற்கு உரிமக் கட்டணம் வேண்டும் என்பதும் 1994 டிசம்பரில் அறிவிக்கப்பட்டன. உரிமையாளராகிய யுனிசிஸ் நிறுவனத்தின் செயலால் அதிர்ந்த நிரலாளர்கள் ‘பிங்’ எனும் மாற்று வடிவத்தை ஆக்கினர். ஒரே சொடுக்கிற் பொருள் வாங்கும் முறைக்கு அமேசன் நிறுவனம் 1999 செப்டெம்பரில் ஆக்கவுரிமை பெற்று, போட்டி நிறுவனமான பார்ன்ஸ் அன்ட் நோபிளை நீதிமன்றுக்கு இழுத்தது. பிளக்பெரி கைத்தொலைபேசியை ஆக்கிய கனேடிய நிறுவனம், தான் எப்பொருளையும் உற்பத்தி செய்யாத என்.ரி.பி. எனும் நிறுவனத்துக்கு 2006 மார்ச்சில் 61.25 கோடி அமெரிக்க டொலர் செலுத்தியே வழக்கைத் தீர்க்க நேர்ந்தது. எப்பொருளையும் ஆக்காதவர், ஆக்கியவரிடம் வரி தண்டும் நிலை இவ்வாறு உருவாயிற்று. ஆக்கவுரிமையை மிகத் தாராளமாக வழங்கிய அந்நாட்டின் உயர் நீதிமன்றமே 2014 ஆம் ஆண்டு, அலிஸ் வழக்கில், அருவமான கருத்தொன்றைக் கணினியிற் செயற்படுத்துவதனால் மட்டும் அது ஆக்கவுரிமைக்குத் தகுதி பெறாது எனத் தீர்ப்பளித்தமை மனங்கொள்ளத்தக்கது.

இனி, மறுதரப்பார் கூற்றையும் சீர்தூக்கல் வேண்டும். ஆக்கவுரிமை இன்றேல் சிறு கண்டுபிடிப்பாளரைப் பெரு நிறுவனங்கள் விழுங்கிவிடும் என்பது அவர்தம் முதன்மை வாதம். ஒலுவிலில் அமைந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தினின்று வெளியேறும் இளைஞர் ஒருவர் புதியதொரு மென்பொருளை ஆக்கினால், அதனைக் கொழும்பிலோ வெளிநாட்டிலோ உள்ள நிறுவனம் கவர்ந்து கொள்ளாதா என அவர்கள் வினவுவர். வினா நியாயமானதே. எனினும் அவர் எழுதிய நிரலை அவ்வாறே எடுத்துக்கொள்வதைப் பதிப்புரிமை தடுக்கின்றது. அதனைப் பெறப் பதிவோ கட்டணமோ வேண்டுவதில்லை. ஆக்கவுரிமையோ நாட்டுக்கு நாடு தனித்தனியே பெறப்பட வேண்டியது. விண்ணப்பம், சட்டத்தரணி, வழக்கு என ஒவ்வொரு படியிலும் பெரும் பணத்தை வேண்டுவது. ஓர் ஆக்கவுரிமையை வைத்துள்ள இளைஞர், ஆயிரம் ஆக்கவுரிமை வைத்துள்ள நிறுவனத்தை எதிர்கொள்ளும்போது, அவரது மென்பொருள் அந்த ஆயிரத்துள் எதையேனும் மீறியிருத்தல் பெரிதும் சாத்தியமே. ஈற்றில் எளியவரின் கையிற் கொடுத்த வாள் வலியவரின் கையிலேயே கூர்மை பெறுகின்றது.

அவ்வாறாயின் ஆக்கியவர்க்கு வெகுமதி யாது? இவ்வினாவைத் தட்டிக்கழிப்பது கட்டற்ற மென்பொருள் பேசுவோரிடத்துக் காணப்படும் ஒரு குறைபாடாகும். சஹானாவைத் தொண்டர்கள் ஆக்கினர் என்று போற்றுவது எளிது. தொண்டர்க்கும் உண்ண வேண்டும். வெகுமதியும் தனியுரிமையும் ஒன்றல்ல என்பதை உணர்த்தும் வரலாறு ஒன்று, கைத்தறிக்குப் பெயர்பெற்ற மருதமுனை போன்ற ஊரார்க்கு எளிதில் விளங்கத்தக்கது. சாறனிலோ சேலையிலோ தோன்றும் கோலம், எந்த இழை மேலெழ வேண்டும், எந்த இழை தாழ வேண்டும் என்னும் கட்டளைகளின் வரிசையே. அவ்வரிசையைத் துளையிட்ட அட்டைகளில் அமைத்துத் தறியைத் தானாக இயங்கச் செய்த பிரெஞ்சு நாட்டவர் யோசெப் மரி ஜக்கார். 1804 அளவில் உருப்பெற்ற அவரது தறியின் அட்டைகளே, பின்னர் சார்ள்ஸ் பபேஜ் திட்டமிட்ட பகுப்பு இயந்திரத்துக்கு வழிகாட்டின. அவ்வகையில் கணினி நிரலின் மூதாதையென அவற்றைக் கூறலாம். பிரெஞ்சு அரசு 1806 இல் அத்தறியைப் பொது உடைமையாக அறிவித்தது. ஜக்காருக்கு ஓய்வூதியமும் ஒவ்வொரு தறிக்கும் ஒரு தொகையும் வழங்க ஏற்பாடு செய்தது. நெசவாளர் தறியைத் தடையின்றிப் பெற்றனர். ஆக்கியவரும் வெறுங்கையராய் நிற்கவில்லை. அரசு, பல்கலைக்கழகம், உதவி நிறுவனங்கள் ஆகியன பொதுப் பயனுள்ள மென்பொருளுக்கு முன்கூட்டியே நிதி வழங்குதல் இவ்வழியின் இன்றைய வடிவமாகலாம்.

இலங்கைச் சட்டத்தின் நிலையை இப்பின்னணியில் நோக்குதல் பொருந்தும். 1979 ஆம் ஆண்டின் 52 ஆம் இலக்கச் சட்டத்தின் இடத்தில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் 6 ஆம் பிரிவு, நூல்கள், கட்டுரைகள் ஆகியவற்றோடு கணினி நிரலையும் ஒரே வரிசையில் வைத்துப் பதிப்புரிமைப் பாதுகாப்பு வழங்குகின்றது. 62 ஆம் பிரிவு ஆக்கவுரிமை பெறத் தகாதவற்றை வரையறுக்கின்றது. கண்டறிதல்கள், அறிவியற் கோட்பாடுகள், கணித முறைகள், வணிகம் செய்யும் முறைகள், முற்றிலும் மனத்தால் ஆற்றும் செயல்கள், விளையாட்டு விதிகள், நோய் தீர்க்கும் முறைகள் ஆகியன அதில் இடம்பெறுகின்றன. கணினி நிரலோ பெயர் சுட்டி விலக்கப்படவில்லை. ஓரிடத்தில் நிரலை எழுத்தாக்கமென ஏற்ற சட்டம், பிறிதோரிடத்தில் அது கண்டுபிடிப்பாகுமா என்பது பற்றி மௌனம் சாதிக்கின்றது. நிரல் கணித முறையேயாதலின் விலக்கப்பட்டது என ஒரு சாராரும், விலக்கப்படாதது அனுமதிக்கப்பட்டதே என மறுசாராரும் வாதிட இம்மௌனம் இடமளிக்கின்றது. ஐயத்துக்கிடமான சட்டம் சட்டத்தரணியை அமர்த்த வசதியுள்ளவர்க்கே துணைபோகும் என்பது சொல்லாமலே விளங்கும்.

அயல்நாட்டு அனுபவம் இவ்விடத்திற் பயன்தரும். இந்தியா தனது 1970 ஆம் ஆண்டின் ஆக்கவுரிமைச் சட்டத்தை 2002 இல் திருத்தி, கணினி நிரல் ‘அதனளவில்’ கண்டுபிடிப்பாகாது என எழுதியது. 2004 டிசம்பரில் பிறப்பிக்கப்பட்ட அவசரச் சட்டம் இத்தடையைத் தளர்த்த முயன்றது. 2005 இல் நாடாளுமன்றம் அத்தளர்வை ஏற்காது நீக்கிற்று. எனினும் ‘அதனளவில்’ எனும் ஒரு சொல்லின் பொருள் தெளிவாக வரையறுக்கப்படாமையால், ஆக்கவுரிமை அலுவலகத்தின் வழிகாட்டிகள் 2015, 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் ஒன்றையொன்று மாற்றியமைத்து வெளிவந்தன. 2019 இல் டெல்லி மேல் நீதிமன்றமும் அச்சொல்லுக்கு விரிவான விளக்கம் தர முற்பட்டது. ஐரோப்பிய நாடாளுமன்றம் 2005 ஜூலை 6 இல், கணினிவழிக் கண்டுபிடிப்புகள் பற்றிய சட்டவரைவை 648 வாக்குகளால் நிராகரித்தது. ஆதரித்தோர் 14 பேரே. நியூசிலாந்து 2013 ஆம் ஆண்டுச் சட்டத்தில் மேலும் தெளிவான வழியைக் கண்டது. கோரப்படும் கண்டுபிடிப்பின் உண்மையான பங்களிப்பு நிரலில் மட்டுமே அடங்குமாயின் அது கண்டுபிடிப்பன்று என அது உரைகல்லையும் சேர்த்தே வழங்கிற்று. இந்தியாவின் குறை இலங்கைக்கு எச்சரிக்கையாகவும், நியூசிலாந்தின் தெளிவு முன்மாதிரியாகவும் அமையத்தக்கன.

உலக வர்த்தக அமைப்பின் ‘ட்ரிப்ஸ்’ உடன்படிக்கை இலங்கையின் கைகளைக் கட்டிவிட்டது எனச் சிலர் கூறுவர். தொழில்நுட்பத் துறைகள் அனைத்திலும் ஆக்கவுரிமை வழங்கப்படல் வேண்டும் எனவும், அதன் காலம் 20 ஆண்டுகளுக்குக் குறைதல் ஆகாது எனவும் அவ்வுடன்படிக்கை விதிப்பது உண்மையே. ஆகவே மென்பொருள் ஆக்கவுரிமையின் காலத்தைக் குறுக்கும் சீர்திருத்தம் இலங்கைக்குக் கிட்டாது. ஆனால் கண்டுபிடிப்பு என்பது யாது என்பதை அவ்வுடன்படிக்கை வரையறுக்கவில்லை. கணினி நிரல்களை எழுத்தாக்கமாகப் பதிப்புரிமையின் கீழ்க் காக்குமாறே அதன் 10 ஆம் உறுப்புரை கூறுகின்றது. திறந்திருக்கும் வாயில் இதுவே. மேலும், 2003 ஆம் ஆண்டுச் சட்டமூலம் உயர் நீதிமன்றின் முன் வந்தபோது, கட்டாய உரிமம் போன்ற தணிப்பு ஏற்பாடுகள் இன்றி ட்ரிப்ஸ் விதிகளை ஏற்பது சமத்துவ உரிமைக்கு முரணாகும் எனச் சுட்டப்பட்டது. வேறுபட்ட நிலையிலுள்ள நாட்டை வேறுபட்டதாகவே நோக்க வேண்டும் என்னும் இந்நியாயம் மருந்துக்கு மட்டுமன்றி மென்பொருளுக்கும் பொருந்துவதாகும்.

இவற்றின் அடிப்படையில் மூன்று திருத்தங்கள் வேண்டப்படுகின்றன. முதலாவது, 62 ஆம் பிரிவின் விலக்குப் பட்டியலிற் கணினி நிரலைப் பெயர் சுட்டிச் சேர்த்து, பங்களிப்பு நிரலில் மட்டும் அடங்குமா என்னும் உரைகல்லையும் சட்ட வாசகத்திலேயே வைத்தல். அலுவலக வழிகாட்டிக்கு விடப்பட்டால் அது ஆண்டுக்கொரு முறை மாறும். இரண்டாவது, பேரழிவு அறிவிக்கப்பட்ட காலத்திலும் நிவாரணப் பணியிலும் எச்செய்முறையைப் பயன்படுத்தினும் அது உரிமை மீறலாகாது எனத் தெளிவாக விதித்தல். கன்னியாகவும் கருவியாகவும் இரு கூறுபட்ட கண்டுபிடிப்புகளில், அஃதாவது நிரலோடு இயந்திரமும் இணைந்தவற்றில், முதலாந் திருத்தம் பயன்படாவிடினும் இது பயன்படும். மூன்றாவது, அரச நிதியால் ஆக்கப்படும் மென்பொருள் அனைத்தும் பொதுமக்கள் பயன்பாட்டுக்கு வெளியிடப்படல். ஆக்கியோர்க்கு உரிய ஊதியம் அந்நிதியிலேயே உறுதிசெய்யப்படல். முதலிரண்டும் தடையை நீக்குவன. மூன்றாவது ஆக்கத்தை ஊக்குவது. தடை நீக்கம் மட்டும் போதுமெனக் கருதினால், அடுத்த அழிவின் போதும் தொண்டர்களின் தூக்கமற்ற இரவுகளையே நாடு நம்பியிருக்க வேண்டிவரும்.

சட்டத்தின் ஒரு பிரிவில் இரண்டு சொற்களைச் சேர்ப்பது சிறு காரியமாகத் தோன்றலாம். அமைதிக் காலத்தில் அதன் பயன் வெளித்தெரிவதில்லை. வழக்கு எழாதவரையில் மௌனமும் தீங்கற்றதாகவே காணப்படும். சஹானாவை ஆக்கியோர் அன்று தடையின்றி இயங்கியமைக்குச் சட்டம் தெளிவாக இருந்தமை காரணமன்று. எவரும் உரிமை கோரி வராமையே காரணமாகும். தற்செயலாகக் கிட்டிய அச்சுதந்திரத்தைச் சட்டவழிச் சுதந்திரமாக மாற்றுதல் அவசியம். 2004 டிசம்பரில் கடல் இக்கரைக்கு முன்னறிவித்தல் தந்து வரவில்லை. அடுத்த முறை பெயர்ப் பட்டியல் ஒன்றை அவசரமாக ஆக்க முற்படுவோர், அதற்கு எவரிடம் அனுமதி பெற வேண்டுமென விசாரித்துக் கொண்டிராத வகையில் சட்டத்தை இன்றே செப்பனிடுதல் சட்டமியற்றுவோர் கடனாகும்.